வண்ணப் பாதைப் புதிர்: ஊகமும் உறுதியும்



கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட ஒரு சதுரப் பலகை. அதில் ஆங்காங்கே வண்ணப் புள்ளிகள். ஒவ்வொரு வண்ணத்திற்கும் இரண்டே புள்ளிகள். ஒரே வண்ணப் புள்ளிகள் இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தல் வேண்டும். கோடு மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு திசைகளில் மட்டுமே செல்லலாம், மூலைவாட்டில் செல்லலாகாது. ஒரு கட்டத்தில் ஒரு கோட்டிற்கே இடமுண்டு. ஆகவே, கோடுகள் ஒன்றையொன்று வெட்டா. முடிவில், பலகையில் ஒரு கட்டமேனும் வெறுமையாக எஞ்சியிருத்தல் கூடாது. விதிகள் இவ்வளவே.

உங்களுள் பலர் இவ்விளையாட்டைக் கைப்பேசியிலும் இணையத்திலும் விரலால் இழுத்து இழுத்து ஆடியிருப்பீர்கள். ஃபுளோ ஃபிரீ என்னும் பெயருடன் 2012ஆம் ஆண்டு வெளிவந்த விளையாட்டே இதனை உலகெங்கும் பரப்பியது. ஆயினும், புதிர் புதியதன்று. இதனை ஒத்த புதிர் ஒன்றை அமெரிக்கப் புதிர் வல்லுநர் சாம் லாய்டு 1897இல் புரூக்ளின் டெய்லி ஈகிள் என்னும் நாளிதழில் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஹென்றி எர்னஸ்ட் டூடனி, 1917இல் வெளிவந்த தம் கணிதப் புதிர் நூலில், மோட்டார் வண்டியில் செல்வோர்க்கான வழித்தடப் புதிராக இதனை அமைத்தார். பின்னர் ஜப்பானில் நிக்கோலி என்னும் புதிர் வெளியீட்டு நிறுவனம், வண்ணங்களுக்குப் பதிலாக எண்களை இட்டு, நம்பர்லிங்க் என்ற பெயரில் இதனைப் பெயர்பெறச் செய்தது.

திரையில் ஆடும்போது தவறான கோட்டை அழிப்பதற்கு ஒரு நொடியும் ஆகாது. அதனால், எண்ணாமலே இழுத்துப் பார்த்து, அழித்து, மீண்டும் இழுத்து, எப்படியோ ஒருநாள் பலகையை நிரப்பிவிடுவோர் உளர். ‘இந்தக் கோடு ஏன் இவ்வழியே சென்றது?’ என்று கேட்டால் அவர்களிடம் விடை இராது. பலகை சற்றுப் பெரிதானதும் அவர்கள் கை உதவிப் பொத்தானை நாடிச் செல்லும். எனவே, இக்கட்டுரையைப் படிக்குமுன் கைப்பேசியை அப்பால் வைத்துவிட்டுக் கட்டமிட்ட கணிதப் பயிற்சிப் புத்தகம் ஒன்றையும் பென்சிலையும் வண்ணப் பென்சில்கள் நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் அழிப்பது தொல்லை. அந்தத் தொல்லை உங்களைச் சிந்திக்க வைக்கும்.

கட்டங்களுக்குப் பெயர் வேண்டும். நெடுவரிசைகளை இடமிருந்து வலமாக அ, ஆ, இ, ஈ, உ என்போம். கிடைவரிசைகளை மேலிருந்து கீழாக 1, 2, 3, 4, 5 என்போம். இடப்பக்க மேல்மூலைக் கட்டம் அ1. வலப்பக்கக் கீழ்மூலைக் கட்டம் உ5. பலகையின் நடுக்கட்டம் இ3.

முதற் புதிர் இது. சி என்பது சிவப்பு, ப என்பது பச்சை, ம என்பது மஞ்சள், நீ என்பது நீலம்.

1: – – – – –
2: – – – – –
3: சி ப ம – –
4: – நீ – – –
5: நீ ம – ப சி

அவசரப்படும் ஒருவர் என்ன செய்வார்? சிவப்புப் புள்ளிகள் அ3, உ5 என மிகத் தொலைவில் இருப்பதைக் கண்டு முதலில் அவற்றை இணைக்க விரும்புவார். அ3இலிருந்து மேலேறி அ2, அங்கிருந்து வலமாக ஆ2, இ2, ஈ2, பின்னர் கீழிறங்கி உ5 என எட்டே அடிகளில் கோடு முடிந்துவிடும். ஆனால், இப்போது ஆ3இல் உள்ள பச்சைப் புள்ளியைப் பாருங்கள். அதன் இடப்புறம் சிவப்பு, வலப்புறம் மஞ்சள், கீழே நீலம். மேலே இருந்த ஒரே வழியையும் சிவப்புக் கோடு அடைத்துவிட்டது. பச்சை சிறைப்பட்டுவிட்டது!

இத்தகைய இடர் நேராதிருக்க ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் கொள்க. ஒவ்வொரு கட்டமும் ஓர் அறை எனக் கருதுங்கள். புள்ளி இருக்கும் அறையில் கோடு தொடங்கும் அல்லது முடியும். எனவே, அதற்கு ஒரு வாயில் வேண்டும், ஒன்றுக்கு மேல் கூடாது. புள்ளி இல்லாத அறையில் கோடு ஒரு வாயிலால் புகுந்து மற்றொரு வாயிலால் வெளியேற வேண்டும். எனவே, அதற்குச் சரியாக இரண்டு வாயில்கள் வேண்டும். புள்ளிக்கு ஒன்று, வெற்றறைக்கு இரண்டு. இனி நாம் காணப்போகும் உத்திகளிற் பல இதிலிருந்தே பிறப்பவை.

ஆகவே, ‘எந்த வண்ணத்தை முதலில் இணைக்கலாம்?’ என்று கேளாதீர்கள். ‘எந்த அறைக்கு வேறு வழியே இல்லை?’ என்று கேளுங்கள்.

நம் புதிரில் அ4ஐ நோக்குவோம். அது வெற்றறை, இரண்டு வாயில்கள் வேண்டும். அதன் அண்டைக் கட்டங்கள் மூன்று: மேலே சிவப்பு, வலப்புறம் நீலம், கீழே நீலம். மூன்றும் புள்ளிகள். இருவேறு வண்ணங்கள் ஓர் அறைக்குள் கூடா. ஆகவே, ஆ4, அ4, அ5 என நீலம் இணைந்தே தீர வேண்டும். ஒரு வண்ணம் முடிந்தது. அதில் ஊகம் சிறிதும் இல்லை.

அ4 அடைபட்டதால் சிவப்புப் புள்ளி அ3க்கு மேல்வழி ஒன்றே எஞ்சியது. அது அ2க்குச் செல்கிறது. அங்கிருந்து மேலே அ1க்கா, வலப்புறம் ஆ2க்கா? இங்கே மூலை நமக்குத் துணை செய்கிறது. மூலைக் கட்டத்திற்கு அண்டைக் கட்டங்கள் இரண்டே. அதில் புள்ளி இல்லையெனில் இரண்டு வாயில்களும் திறந்தாக வேண்டும். எனவே, அ2, அ1, ஆ1 மூன்றும் ஒரே கோட்டில் அமைவது உறுதி. சிவப்பு மூலையைச் சுற்றி ஆ1ஐ அடைகிறது.

இதற்குள் ஆ3இல் உள்ள பச்சைக்கு ஆ2 தவிர வேறு வாயில் இல்லை. ஆ2இலிருந்து இடமும் மேலும் சிவப்பு. எனவே, அது இ2க்குச் செல்லும். பச்சை கீழே வருவதால் ஆ1இல் இருக்கும் சிவப்பு இ1க்குச் செல்லும். இ2இன் கீழே மஞ்சள் புள்ளி. ஆகவே, பச்சை ஈ2க்கும், சிவப்பு ஈ1க்கும் நகர்கின்றன. உ1 மற்றொரு மூலை. அதனால் சிவப்பு ஈ1, உ1, உ2 எனத் திரும்புகிறது. பச்சையும் அதனுடன் திரும்பி ஈ3க்கு இறங்குகிறது. இரு கோடுகளும் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டு நடக்கும் தோழர்போல் செல்வதைக் கவனியுங்கள். சிவப்பு உ3, உ4 வழியே உ5ஐ அடையும். பச்சை ஈ4 வழியே ஈ5ஐ அடையும். மஞ்சளுக்கு எஞ்சியது இ3, இ4, இ5, ஆ5 என்னும் நான்கு கட்டங்களே.

1: சி சி சி சி சி
2: சி ப ப ப சி
3: சி ப ம ப சி
4: நீ நீ ம ப சி
5: நீ ம ம ப சி

சிவப்பு எட்டு அடியில் செல்லாமல் பத்து அடி சுற்றிச் சென்றது. 25 கட்டங்களுள் 11ஐ நிரப்பியது. ஒவ்வோர் அடிக்கும் காரணம் இருந்ததால் இவ்விடையைத் தவிர வேறு விடை இப்புதிருக்கு இல்லை என்பதையும் நாம் அறிந்துகொண்டோம். இழுத்துப் பார்த்து விடை கண்டவரால் இதனைக் கூற இயலாது.

இனி, சற்றுக் கடினமான புதிர்.

1: – ப சி – –
2: – – – நீ –
3: – – ம – –
4: – – – – –
5: – ப சி ம நீ

மூலைகளில் தொடங்குவோம். அ1 வெற்று மூலை. அதன் அண்டையில் ஆ1 பச்சைப் புள்ளி. ஆகவே, பச்சை ஆ1, அ1, அ2 எனச் செல்கிறது. அவ்வாறே கீழ்மூலையில் ஆ5, அ5, அ4 என மற்றொரு பச்சைத் துண்டு. அவற்றுக்கு இடையில் அ3 ஒன்றே உள்ளது. ‘இணைத்துவிடலாமே!’ என்று விரல் துடிக்கும். பொறுங்கள். பச்சை அ2இலிருந்து ஆ2க்குச் சென்று சுற்றி வரவும் கூடும் அன்றோ? அ3இன் இரு வாயில்கள் எவை என்பது இன்னும் உறுதிப்படவில்லை. ‘இணைக்கலாம்’ என்பது வேறு. ‘இணைத்தே தீர வேண்டும்’ என்பது வேறு. இவ்வேறுபாட்டை உணராத வரையில் பெரிய பலகைகளைத் தீர்க்க முடியாது என்பது என் கருத்து.

வாயில்களை எண்ணும் முறை இங்கே நின்றுவிடுகிறது. புதியதோர் உத்தி வேண்டும்.

சிவப்பை நோக்குவோம். அதன் ஒரு புள்ளி மேல் ஓரத்தில், இ1இல். மற்றொன்று கீழ் ஓரத்தில், இ5இல். சிவப்புக் கோடு எப்படி வளைந்து நெளிந்து சென்றாலும் வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லை வரை ஓடும் ஓர் ஆறு போன்றது. அது நாட்டை மேற்குக்கரை, கிழக்குக்கரை என இரண்டாகப் பிரித்துவிடும். ஆற்றுக்குப் பாலம் கிடையாது. எனவே, ஒவ்வொரு வண்ணத்தின் இரு புள்ளிகளும் ஒரே கரையில் இருந்தாக வேண்டும்.

மஞ்சளின் ஒரு புள்ளி ஈ5. அது தெற்கு எல்லையில், ஆற்றின் முடிவிடத்திற்குக் கிழக்கே உள்ளது. ஆகவே, நடுவில் இருக்கும் இ3உம் கிழக்குக்கரையைச் சேர்ந்ததே. அப்படியானால், மேற்கு எல்லையிலிருந்து மூன்றாம் கிடைவரிசை வழியே இ3ஐ நோக்கி நடப்பவர் எங்கேனும் ஆற்றைக் கடக்க வேண்டும். இடையில் இருப்பவை அ3, ஆ3 என்னும் இரண்டு கட்டங்களே. அவற்றுள் ஒன்றேனும் சிவப்பு.

அது அ3ஆக இருக்குமோ? இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்போது ஆறு மேற்கு எல்லையைத் தொட்டுவிடும். அதன் வடக்கே ஆ1இல் ஒரு பச்சை. தெற்கே ஆ5இல் ஒரு பச்சை. இரண்டும் சேர வழியே இராது. இது விதிக்கு முரண். ஆகவே, அ3 சிவப்பன்று, ஆ3தான் சிவப்பு.

நாம் ஒரு கோடும் இழுக்காமலே பலகையின் இடையில் உள்ள ஒரு கட்டத்தின் நிறத்தைக் கண்டுவிட்டோம்! இனி வாயில்கள் மீண்டும் பேசத் தொடங்கும். அ3இன் வலப்புறம் சிவப்பு. எனவே, அதன் இரு வாயில்களும் அ2, அ4 பக்கமே. பச்சை முடிந்தது. ஆ3க்கு இடப்புறம் பச்சை, வலப்புறம் மஞ்சள் புள்ளி. ஆகவே, சிவப்பு மேலே ஆ2க்கும் கீழே ஆ4க்கும் செல்லும். ஆ2இலிருந்து இ2, இ1. ஆ4இலிருந்து இ4, இ5. சிவப்பும் முடிந்தது.

கிழக்குக்கரையில் மஞ்சள் இ3க்கு ஈ3 ஒன்றே வாயில். ஈ5க்கு ஈ4 ஒன்றே வாயில். நீலம் உ5க்கு உ4 ஒன்றே வாயில். உ4 நீலத்திற்கு உரியதாகிவிட்டதால் ஈ4இல் உள்ள மஞ்சள் மேலே சென்று ஈ3ஐச் சேர்கிறது. நீலம் ஓரமாகவே ஏறி உ3, உ2 ஆகிய கட்டங்களை அடைகிறது.

இப்போது நீலக் கோட்டின் நுனி உ2இல் நிற்கிறது. அது சேர வேண்டிய புள்ளி ஈ2, பக்கத்திலேயே இருக்கிறது. ஓரடி எடுத்து வைத்தால் நான்கு வண்ணங்களும் இணைந்துவிடும். ஆனால், ஈ1, உ1 ஆகிய இரண்டு கட்டங்கள் வெறுமையாகிவிடும். உ1 மூலை ஆகையால் ஈ1, உ1, உ2 மூன்றும் ஒரே கோட்டில் இருந்தாக வேண்டும். எனவே, நீலம் உ2இலிருந்து உ1, ஈ1 எனச் சுற்றிக்கொண்டே ஈ2ஐ அடைய வேண்டும்.

1: ப ப சி நீ நீ
2: ப சி சி நீ நீ
3: ப சி ம ம நீ
4: ப சி சி ம நீ
5: ப ப சி ம நீ

பழகிய ஆட்டக்காரர் சிலர், ‘ஒரு கோடு தன்னைத் தானே தொட்டுக்கொண்டு வளையாது’ என்பதை ஒரு விதியாகவே கைக்கொள்வர். பெரும்பாலான பலகைகளில் அது பலிக்கும். எனினும், இங்கு நீலம் அவ்வாறு வளைந்தே சென்றது. நான்கே கட்டங்கள் கொண்ட பலகையில் மேலிரு கட்டங்களிலும் சிவப்புப் புள்ளிகளை வைத்துப் பாருங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும், கீழ்க் கட்டங்களை நிரப்புவதற்காகக் கோடு கீழிறங்கிச் சுற்றித்தான் வர வேண்டும்.

அப்படியானால், அவ்விதி எங்கிருந்து வந்தது? எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும் என்னும் நிபந்தனை நம்பர்லிங்க் புதிர்கள் சிலவற்றில் விதியாகக் கூறப்படுவதில்லை. அத்தகைய புதிரில் ஒரு கோடு இவ்வாறு வளைந்தால் அதனைக் குறுக்கு வழியில் நேராக்கி மற்றொரு விடையைப் பெற்றுவிடலாம். நல்ல புதிருக்கு ஒரே விடைதான் இருக்கும் என்று நாம் நம்புவதால், அங்கே அவ்வளைவு வாராது என்று கூறலாம். நிரப்ப வேண்டும் என்னும் விதி உள்ள ஆட்டத்தில் அக்காரணம் செல்லாது; குறுக்கு வழி கட்டங்களை வெறுமையாக்கிவிடும் அல்லவா? ஆகவே, நம் ஆட்டத்தில் அஃது ஒரு குறிப்பு மட்டுமே. அதனை நம்பிக் கோட்டை மையால் எழுதிவிடாதீர்கள்.

பெரிய பலகைகளில், எடுத்துக்காட்டாக ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்கள் கொண்டவற்றில், வாயில்களும் ஆறுகளும் சேர்ந்தும் ஓரிடத்தில் நின்றுவிடுவது உண்டு. அப்போது அ3ஐச் சிவப்பு எனக் கொண்டு பார்த்தோமே, அம்முறையை நாட வேண்டும். இரண்டே வழிகள் உள்ள ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வழியை மெல்லிய பென்சில் கோடாக இட்டு, அதனால் கட்டாயமாகும் அடிகளை மட்டும் தொடருங்கள். முரண் தோன்றினால் மற்ற வழியே சரியானது என்பது உறுதி. அதனை வண்ணத்தால் எழுதலாம். முரண் தோன்றவில்லையெனில் எதுவும் நிறுவப்படவில்லை. முன்னைய வழி சரி என்று எண்ணிவிடுவது பலரும் வீழும் குழி. அப்போது மற்ற வழியையும் ஆராய வேண்டும், அல்லது வேறு கட்டத்தை நாட வேண்டும். மூன்று நான்கு வழிகள் திறந்திருக்கும் நடுப்பகுதியில் இம்முறையைத் தொடங்குவது வீண் உழைப்பு. ஓரங்களிலும் புள்ளிகள் நெருங்கிய இடங்களிலும் முரண் விரைவில் வெளிப்படும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கைக் கூறுகிறேன். இது விடையைக் காண்பதற்கன்று. விடை இல்லை என்பதைக் காண்பதற்கு. நீங்களே புதிர் அமைத்து நண்பனிடம் கொடுக்கும்போது இது பெரிதும் பயன்படும். இணையத்தில் வரும் பலகைகள் முன்னரே தீர்த்துப் பார்க்கப்பட்டவை. நீங்கள் அமைக்கும் பலகைக்கு அந்த உறுதி இல்லை.

பலகையைச் சதுரங்கப் பலகைபோல் மாற்றி மாற்றி நிழலிடுங்கள். அ1ஐ நிழற்கட்டமாகக் கொண்டால் ஐந்துக்கு ஐந்து பலகையில் நிழற்கட்டங்கள் 13, வெண்கட்டங்கள் 12. கோடு ஒவ்வோர் அடியிலும் நிழலிலிருந்து வெள்ளைக்கும் வெள்ளையிலிருந்து நிழலுக்கும் மாறி மாறியே செல்லும். ஆகையால், ஒரு கோட்டின் இரு முனைகளும் நிழலாயின், அது வெண்கட்டத்தைவிட நிழற்கட்டம் ஒன்றை மிகுதியாகக் கொள்ளும். இரு முனைகளும் வெள்ளையாயின் வெண்கட்டம் ஒன்று மிகும். ஒரு முனை நிழல், ஒரு முனை வெள்ளை எனில் இரண்டும் சமம். கோடு எவ்வழியே சென்றாலும் இது மாறாது.

முதற் புதிரைச் சோதிப்போம். சிவப்பு அ3, உ5 இரண்டும் நிழல். நிழல் ஒன்று மிகுதி. நீலம் ஆ4, அ5 இரண்டும் நிழல்; மேலும் ஒன்று மிகுதி. பச்சை ஆ3, ஈ5 இரண்டும் வெள்ளை, ஒன்று குறைகிறது. மஞ்சள் இ3 நிழல், ஆ5 வெள்ளை, சமம். மொத்தத்தில் நிழல் ஒன்று மிகுதி. பலகையில் 13க்கும் 12க்கும் உள்ள வேற்றுமையும் ஒன்றே. கணக்கு ஒத்துவருகிறது.

இப்போது பச்சைப் புள்ளியை ஈ5இலிருந்து ஒரே ஒரு கட்டம் மேலே, ஈ4க்கு நகர்த்துங்கள். ஈ4 நிழல், ஆகவே, பச்சை சமமாகிவிடும். மொத்தத்தில் நிழல் இரண்டு மிகுகிறது; பலகையோ ஒன்றுதான் தர இயலும். இப்பலகையை எவராலும் நிரப்ப முடியாது. நான்கு வண்ணங்களையும் இணைப்பது எளிது. ஆனால் கட்டம் எஞ்சும். ஓர் ஆண்டு முழுதும் முயன்றாலும் முடியாத ஒன்றை, எட்டுப் புள்ளிகளை எண்ணிய அளவிலேயே முடியாது எனக் கூறிவிட்டோம்.

இக்கணக்கிற்கும் ஓர் எல்லை உண்டு. கணக்கு ஒத்துவராவிடில் விடை இல்லை என்பது உறுதி. ஒத்துவந்தால் விடை உண்டு என்பது உறுதியன்று. நான்கே கட்டங்கள் உள்ள பலகையில் அ1, ஆ2 இரண்டிலும் சிவப்பு, ஆ1, அ2 இரண்டிலும் நீலம் என வையுங்கள். சிவப்பால் நிழல் ஒன்று மிகும். நீலத்தால் வெள்ளை ஒன்று மிகும். கணக்கு அழகாக ஒத்துவருகிறது. ஆயினும், இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளாமல் செல்ல இயலாது. ஓரத்தைச் சுற்றி வரும்போது சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று புள்ளிகள் மாறி மாறி அமைந்தால், பலகை எவ்வளவு பெரிதாயினும் அவற்றை இணைக்க முடியாது. இது முன்பு கூறிய ஆற்றின் உண்மையே.

இப்புதிரைப் பிள்ளை விளையாட்டு என்று பெற்றோர் சிலர் ஒதுக்கக்கூடும். மின்சுற்றுப் பலகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன் ஒரு பரப்பில் செல்லும் செம்புத் தடங்கள் ஒன்றையொன்று தொடலாகாது. தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். எந்த முனையை எந்த முனையோடு எவ்வழியே இணைப்பது என்பதே அங்கும் கேள்வி. பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972 முதல் பெருகிவந்த மின்னணுத் தொழிற்சாலைகளில் உங்கள் தாத்தா பாட்டியர் சிலர் பணியாற்றியிருப்பர். அவர்களைக் கேட்டால் அத்தடங்கள் எத்துணை நெருக்கமாக அமைந்தவை என்று கூறுவர்.

அவ்வழியைக் கணினி காணும் முறைகளுள் ஒன்றை 1961இல் சி. ஒய். லீ என்னும் அறிஞர் வெளியிட்டார். அது மிக எளிது. தொடக்கக் கட்டத்தை அடுத்த கட்டங்களில் 1 என்று எழுதுக. அவற்றை அடுத்த வெற்றுக் கட்டங்களில் 2, அடுத்தவற்றில் 3 என்று, குளத்தில் கல்லெறிந்தால் அலை பரவுவதுபோல் எழுதிச் செல்க. சேர வேண்டிய கட்டத்தை எண் அடைந்ததும் அங்கிருந்து எண்கள் குறைந்துகொண்டே வரும் வழியில் திரும்பி வருக. அதுவே மிகக் குறுகிய வழி. முதற் புதிரின் சிவப்புக்கு இதனைச் செய்து பாருங்கள். உ5இல் 8 என்று வரும். அந்த எட்டடி வழிதான் பச்சையைச் சிறைப்படுத்தியது என்பது நினைவிருக்கட்டும். ஒரு தடத்திற்குக் குறுகிய வழியைக் காண்பது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. பல தடங்களையும் ஒன்றுக்கொன்று இடையூறின்றி அமைப்பதே அரிய வேலை. இப்புதிரின் எல்லாப் பலகைகளையும், அவை எத்துணைப் பெரியவையாயினும், விரைந்து தீர்க்கவல்ல பொதுமுறை எதனையும் கணினி அறிஞர் இன்னும் கண்டறியவில்லை.

பயிற்சிக்காக இரண்டு பலகைகள் தருகிறேன். இரண்டும் ஆறுக்கு ஆறு. ஆறாம் நெடுவரிசையின் பெயர் ஊ. நிழற்கட்டம் 18, வெண்கட்டம் 18.

முதற் பலகை: சிவப்பு அ5, ஊ6, நீலம் ஆ4, உ6, மஞ்சள் இ4, அ6, பச்சை இ3, ஈ6.

இரண்டாம் பலகை: சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் முன்போலவே, பச்சை மட்டும் இ3, இ6.

இவற்றுள் ஒன்றே தீரும். எது தீராது என்பதைக் கோடு ஒன்றும் இழுக்காமல் முதலில் எழுதுங்கள். பிறகு, மற்றதைத் தீர்த்து, ஒவ்வொரு வண்ணமும் அவ்வழியே சென்றதற்கான காரணத்தை அருகில் குறித்து, உங்கள் கணித ஆசிரியரிடம் காட்டுங்கள்.